கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஞானப்பல்லை எடுக்கலாமா? தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கேள்வி

தூளிக்காரி, தண்டையார்பேட்டை

வணக்கம் தோழிகளே. என் மகள் பிறந்து நான்கு மாதமும் பத்து நாளும் ஆகின்றன. இதுவரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவளுக்குக் கொடுத்ததில்லை. எனக்கு வலது கீழ்த்தாடையின் கடைசியில் ஞானப்பல் பாதி முளைத்து, பாதி ஈறுக்குள்ளேயே கிடக்கிறது. கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் முதல்முறை அந்த இடம் வீங்கியது. அப்போது ஈறைக் கழுவிச் சுத்தம் செய்து, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். குழந்தைக்கு நாற்பது நாள் ஆனபோது மறுபடியும் வீங்கியது. இப்போது மூன்றாவது முறை. வாயை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியவில்லை. காதுவரை வலி ஏறுகிறது. இரவில் பால் கொடுக்க எழுந்து உட்காரும்போது தலையைத் தூக்கவே முடியவில்லை.

நேற்று ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, பல் முன்பக்கம் சாய்ந்து அடுத்த பல்லை முட்டிக்கொண்டிருப்பதாகவும், ஈறைக் கீறி, எலும்பைச் சிறிது ராவித்தான் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். பால் கொடுப்பதாகச் சொன்னதும், ஐந்து நாள் பாலை நிறுத்திவிட்டுப் பவுடர் பால் கொடுக்க வேண்டும் என்றார்கள். எந்த மருந்துக்காக நிறுத்த வேண்டும் என்று கேட்டதற்கு, எல்லா மருந்தும் பாலில் இறங்கும் என்பதுதான் பதில். என் மாமியார், குழந்தைக்கு ஒரு வயது முடியும்வரை பல்லைத் தொடவே கூடாது, தொட்டால் பால் வற்றிவிடும் என்கிறார். கணவருக்குத் துறைமுகத்தில் முறை வேலை. ஐந்து நாள் பால் கொடுக்காமல் இருந்தால் பால் கட்டிக்கொள்ளுமே, பிறகு மகள் மார்பில் வாய் வைப்பாளா என்ற பயம் ஒரு பக்கம். இந்த வலியை இன்னும் எட்டு மாதம் தாங்க முடியுமா என்ற பயம் மறுபக்கம். இதே நிலையைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

காசிமேட்டு மகள்

சகோதரி, உங்கள் பதிவைப் படித்தபோது மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய என் நிலைதான் கண்முன் வந்தது. என் மகனுக்கு அப்போது ஆறு மாதம். எனக்கும் பாலை நிறுத்தச் சொன்னார்கள். நானும் மறு கேள்வி கேட்காமல் மூன்று நாள் பாலைப் பீய்ச்சிக் கழிவறையில் கொட்டினேன். இரண்டாம் நாள் இரவில் இடது மார்பு கல்லாகக் கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. பல் எடுத்த வலியைவிட அந்த வலிதான் பெரிதாக இருந்தது. மகன் புட்டியை ஏற்கவும் மறுத்தான், அழுகையை நிறுத்தவும் மறுத்தான். நான்காம் நாள் குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனபோது, அவர் என் மருந்துச் சீட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, இதில் ஒன்றுக்காகக்கூட நீங்கள் பாலை நிறுத்தியிருக்க வேண்டியதில்லை என்றார். அந்தச் சீட்டில் இருந்தவை அமாக்சிசிலின், இபுபுரோஃபென், பாராசிட்டமால், வாய் கொப்பளிக்கும் மருந்து ஆகியவை மட்டுமே. அன்று நான் கேட்காமல் விட்ட கேள்வியை நீங்கள் முன்கூட்டியே கேட்கிறீர்கள். பல் எடுக்கும் தேதியை முடிவு செய்வதற்கு முன்பே, தரப்போகும் மருந்துகளின் பெயர்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பல் மருத்துவர், திருவொற்றியூர்

நான் வாய் முக அறுவைச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவன். உங்களை நேரில் பார்க்காமல் உங்களுக்கென்று மருந்து எழுத முடியாது. ஆனாலும் பொதுவாகத் தெரிந்திருக்க வேண்டியவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பால் கொடுக்கும் தாய்மார்கள் அரைகுறையான பதிலோடு வீடு திரும்புவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

முதலில் மரத்துப்போவதற்கான ஊசி. பெரும்பாலும் நாங்கள் போடுவது 2 விழுக்காடு லிக்னோகெயின். அதோடு இரத்தக் கசிவைக் குறைக்கச் சிறிதளவு அட்ரினலின் கலந்திருக்கும். தாயின் தாடையில் போடும் இந்த மருந்தில் மிகச் சிறிய பங்கே பாலில் சேர்கிறது. அதையும் குழந்தை வாய்வழியாகத்தான் விழுங்குகிறது என்பதால், அதன் உடலில் போய்ச் சேரும் அளவு இன்னும் குறைந்துவிடும். அட்ரினலினோ குழந்தையின் வயிற்றிலேயே சிதைந்துவிடும். எனவே ஊசி போட்ட பிறகு எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, காத்திருக்கவே வேண்டியதில்லை என்பதுதான் விடை. பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து, காத்திருக்கும் அறையிலேயே நீங்கள் பால் கொடுக்கலாம். எக்ஸ்ரேயும் அப்படியே, கதிர் பாலில் தங்குவதில்லை.

சிலருக்கு முழு மயக்கத்தில் எடுக்க நேரிடும். அதற்கும் தாய்ப்பால் மருத்துவ அகாடமி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: தாய் நன்றாக விழித்து, தெளிவாகப் பேசி, குழந்தையைப் பிடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்ததும் பால் கொடுக்கலாம், பாலைக் கொட்ட வேண்டியதில்லை. மயக்கமோ தூக்க மருந்தோ பெற்ற அன்று இரவு குழந்தையைத் தாயின் பக்கத்தில் படுக்க வைக்கக் கூடாது. காரணம் பால் அன்று. தாயின் உறக்கம் வழக்கத்தைவிட ஆழமாக இருக்கும் என்பதே.

அடுத்து வலி மாத்திரை. இபுபுரோஃபெனும் பாராசிட்டமாலும் பால் கொடுக்கும் தாய்க்கு முதல் தேர்வுகள். இபுபுரோஃபெனில் குழந்தைக்குப் போய்ச் சேருவது, உடல் எடைக்கேற்பக் கணக்கிட்டால் தாய் எடுத்ததில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பாராசிட்டமாலைப் பற்றி ஒன்று நினைத்துப் பாருங்கள்: 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி போட்ட பிறகு காய்ச்சல் வந்தால் உங்கள் மகளுக்கே நேரடியாகக் கொடுக்கும் மருந்து அது. வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் இபுபுரோஃபெனைப் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆஸ்பிரினை வலிக்காக எடுக்க வேண்டாம். நிமெசுலைடை 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தரக் கூடாதென்று நம் நாட்டில் 2011-இலேயே தடை வந்துவிட்டது. பால் கொடுக்கும் தாய்க்கும் நான் அதை எழுதுவதில்லை.

நோய்க்கிருமிக்கான மாத்திரைகளில் அமாக்சிசிலினும், அதோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்ததும் தடையின்றி எடுக்கக் கூடியவை. குழந்தைக்கு மலம் சற்று இளகலாம், அரிதாக நாக்கில் வெண்படலம் தோன்றலாம், அவ்வளவே. மெட்ரோநிடசோல் பாலில் ஓரளவு இறங்கும். ஆனால் பல் நோய்க்கு வழக்கமாகத் தரும் 400 மி.கி. அளவுக்காகப் பாலை நிறுத்தச் சொல்வதில்லை. 2 கிராமை ஒரே வேளையில் எடுக்கும் சிகிச்சைக்குத்தான் 12 முதல் 24 மணி நேரம் இடைவெளி விடச் சொல்வார்கள். பல்லுக்கு அப்படித் தருவது வழக்கமில்லை. குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பான் உங்கள் வாயோடு நின்றுவிடுகிறது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா ஞானப்பல்லையும் எடுத்தாக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தொல்லை தராத பல்லை விட்டுவிடுங்கள் என்றுதான் பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2000-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஈறு முதல்முறை வீங்கியதற்காக, அது மிகக் கடுமையாக இருந்தாலொழிய, பல்லை எடுக்க வேண்டியதில்லை என்றும், இரண்டாம் முறை வந்தால் எடுப்பதற்கு அது தக்க காரணம் என்றும் அதிலேயே இருக்கிறது. உங்களுக்கு இது மூன்றாவது முறை.

தூளிக்காரி, தண்டையார்பேட்டை

மருத்துவர் ஐயாவுக்கும் காசிமேட்டு அக்காவுக்கும் நன்றி. இரண்டு பதிவுகளையும் மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மருந்தைப் பற்றிய அவருடைய அச்சம் சற்றுத் தணிந்தது. பால் வற்றும் என்ற அச்சம் மட்டும் தணியவில்லை. அவருடைய தங்கைக்குப் பல் பிடுங்கியதும் பால் நின்றுபோனதாம். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார், அதைப் பொய் என்று நான் எப்படிச் சொல்வேன்? அன்று என்ன நடந்திருக்கும்?

ராயபுரம் செவிலி

பிரசவ வார்டில் பதினேழு ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்கிறேன், தங்கச்சி. உங்கள் மாமியாரின் தங்கைக்குப் பால் நின்றது உண்மையாகவே இருக்கலாம். அந்தக் காலத்தில் பல் பிடுங்கினால் ஒரு வாரம் குழந்தையை மார்பில் விடமாட்டார்கள். தாய்க்கும் கஞ்சித் தண்ணீருக்கு மேல் எதுவும் கொடுக்கமாட்டார்கள். மார்பிலிருந்து பால் வெளியேறாவிட்டால் சுரப்பு குறையும். இது எந்தத் தாய்க்கும் பொருந்தும். பல்லுக்கும் பால் சுரப்புக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இடையில் வந்த பட்டினியும் இடைவெளியும்தான் அன்று பாலை நிறுத்தியிருக்கும். இதை உங்கள் மாமியாரிடம் இப்படியே சொல்லுங்கள். அவர் பார்த்தது பொய்யாகாது, காரணம் மட்டும் வேறு என்பது அவருக்கும் விளங்கும்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காலையில் முதல் ஆளாகப் பார்க்கும்படி நேரம் வாங்குங்கள். கிளம்புவதற்குச் சற்று முன்பு குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுங்கள். போய்வர இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று தோன்றினால், முதல் நாளே ஒரு வேளைக்கான பாலைப் பீய்ச்சிக் குளிர்சாதனப் பெட்டியின் உட்புறத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதவுத் தட்டில் வைக்க வேண்டாம். பீய்ச்சிய பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பார்கள். நம் வடசென்னை வீடுகளில் தகரக் கூரையின் கீழும் மொட்டை மாடியை ஒட்டிய அறையிலும் அந்தக் கணக்கு செல்லாது. குளிர்பெட்டியில் நான்கு நாள் வரை வைக்கலாம். குடிக்கக் கொடுக்கும் முன் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்குங்கள். அடுப்பில் நேரடியாகக் காய்ச்ச வேண்டாம்.

ஒரே ஒரு வேளைக்காகப் புட்டி வாங்கவே வாங்காதீர்கள். உங்கள் மாமியாரின் பெட்டியில் குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடை இருக்கும், கேட்டுப் பாருங்கள். கொதிநீரில் போட்டெடுத்த பாலாடையில், குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, உதட்டோரத்தில் சாய்த்துக் கொடுத்தால் நான்கு மாதக் குழந்தை தானே நக்கிக் குடித்துவிடும். புட்டிக் காம்பைச் சப்பிப் பழகிய குழந்தை மார்பை மறுக்கும் தொல்லையும் வராது. பாலாடையை உங்கள் தலைமுறையைவிட அவர் கை நன்றாக அறியும். அந்தப் பொறுப்பை அவரிடம் ஒப்படையுங்கள்.

வீடு திரும்பியதும் வலது கன்னம் வீங்கியிருக்கும். குழந்தையின் கை ஓங்கி அடிக்கும் பக்கம் அதுவாக இருக்கக் கூடாது. இரண்டு மூன்று நாளைக்கு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, முதுகுக்குத் தலையணை வைத்துப் பால் கொடுங்கள். வலது மார்பில் கொடுக்கும்போது அதே நிலையில் சற்று முன்சாய்ந்தால் போதும். குனிந்து தூளியிலிருந்து குழந்தையைத் தூக்குவதை வேறு யாராவது செய்யட்டும். குனிந்தால் தாடையில் துடிப்பு ஏறும்.

வியாசர்பாடி பாட்டி

எல்லோரும் படித்தவர்கள் சொல்கிறீர்கள், நான் மறுக்கவில்லை. என் மனத்தில் இருப்பதையும் எழுதிவிடுகிறேன். நான்கு பிள்ளை பெற்றவள் நான். பச்சை உடம்போடு இருக்கும் பெண்ணுக்கு எலும்பை ராவி வைத்தியம் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பிரசவத்தில் போன இரத்தமே இன்னும் ஊறியிருக்காது. கிராம்பை இடித்து வைத்து, உப்பு வெந்நீரில் கொப்பளித்து, குழந்தை சோறு உண்ணத் தொடங்கும்வரை இன்னும் இரண்டு மாதம் தள்ளினால் என்ன குறைந்துவிடும்? ஆறு மாதத்துக்குப் பிறகு கூழோ கஞ்சியோ ஊட்டலாம், தாயும் சற்று விடுபடுவாள். அவசரப்பட வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒருவர் வேண்டும் என்பதால் எழுதினேன்.

பல் மருத்துவர், திருவொற்றியூர்

அம்மா, நீங்கள் சொல்வதில் இரண்டு செய்திகள் மிகவும் சரியானவை. இரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்காமல் பல் எடுக்கக் கூடாது. ஹீமோகுளோபின், சர்க்கரை, இரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றைப் பரிசோதித்த பிறகே செய்ய வேண்டும். வீக்கமும் சீழும் உச்சத்தில் இருக்கும்போதும் எடுப்பதில்லை. ஈறைக் கழுவி, மருந்தால் வீக்கத்தை அடக்கி, வாய் நன்றாகத் திறக்கத் தொடங்கிய பிறகே எடுப்போம். ஆக ஒன்றிரண்டு வாரம் பொறுப்பது நல்லதுதான். உப்பு வெந்நீரும் நல்லது. கிராம்பு எண்ணெயை மட்டும் பஞ்சில் ஊற்றி ஈறில் வைத்துக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டாம், அது ஈறைச் சுட்டுவிடும்.

மாதக்கணக்கில் தள்ளுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மூடிபோலக் கிடக்கிறது. அதன் அடியில் சோற்றுப் பருக்கை நுழைந்தால் எந்தத் தூரிகையும் அதை எட்டாது. மேல்பல் அந்த மூடியையே கடித்துக் கடித்துப் புண்ணாக்கும். மருந்து கிருமியைக் குறைக்கும், ஆனால் மூடி அங்கேயே இருப்பதால் வீக்கம் திரும்பத் திரும்ப வரும். வரும் ஒவ்வொரு முறையும் மாத்திரை, காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, உணவுக் குறைவு. பால் கொடுக்கும் தாய்க்கு ஒரே ஒரு முறை செய்யும் சிகிச்சையைவிட இந்தச் சுழற்சிதான் அதிகச் சுமை. அரிதாகச் சீழ் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் இறங்குவதுண்டு. நாக்கின் அடிப்பகுதி மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, அது இரவு இரண்டு மணியானாலும் 108-ஐ அழைத்து ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய நிலை.

கொருக்குப்பேட்டை வாசகி

இங்கே சொல்லாமல் விடக் கூடாத ஒன்றை நான் எழுதியாக வேண்டும். எனக்குப் பல் எடுத்தபோது மகளுக்கு இரண்டு மாதம். தாய்ப்பால் கொடுக்கிறேன் என்று நான் சொல்லவில்லை, அங்கே யாரும் கேட்கவும் இல்லை. வலி அதிகம் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு மாத்திரையைத் தனி உறையில் கொடுத்தார்கள். இரண்டு வேளை போட்டேன். அன்று மாலை மகள் ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கினாள். பாதத்தைத் தட்டினாலும் கண்ணைத் திறந்து மூடிக்கொண்டாளே தவிர, மார்பைப் பற்றவில்லை. இரவோடு இரவாகக் குழந்தை மருத்துவரிடம் ஓடினோம். உறையில் இருந்தது ட்ரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. அதை நிறுத்தச் சொல்லி, குழந்தையின் மூச்சை இரவு முழுவதும் கண்காணித்தார்கள். மறுநாள் மதியம் அவள் பழையபடி வீறிட்டு அழுதபோதுதான் எனக்கு உயிர் வந்தது. அந்தத் தூக்கத்துக்கு மாத்திரைதான் காரணம் என்று உறுதியாக நிரூபிக்க முடியாது என்று அந்த மருத்துவர் சொன்னார். ஆனால் மறுபடியும் அதைத் தொடக் கூடாது என்றும் சொன்னார்.

பல் மருத்துவர், திருவொற்றியூர்

இதை எழுதியதற்கு நன்றி, சகோதரி. வலிமையான வலி மருந்துகளான கொடேயின், ட்ரமடால் இரண்டும் தாயின் கல்லீரலில் இன்னும் வலிமையான பொருளாக மாறுகின்றன. சிலருக்குப் பிறவியிலேயே இந்த மாற்றம் மிக விரைவாக நடக்கும். அப்போது பாலில் சேரும் அளவும் கூடிவிடும். யாருக்கு அப்படி நடக்கும் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதனால்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல், பால் கொடுக்கும் தாய்மார்கள் இவ்விரண்டையும் எடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது. நம் நாட்டில் 2018 முதல் ட்ரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டிலும் இருக்கிறது. பல் எடுத்த வலிக்கு இபுபுரோஃபெனையும் பாராசிட்டமாலையும் சேர்த்து முறையாக எடுத்தாலே பெரும்பாலோருக்குப் போதும். வலி தாங்கவில்லை என்றால் மருத்துவரிடம் திரும்பி வர வேண்டும். உறையில் மீதமிருக்கும் பெயர் தெரியாத மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது.

கருத்தடை மாத்திரையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எடுப்பவர்களுக்குப் பல் எடுத்த குழியில் இரத்தக்கட்டு கரைந்து எலும்பு வெளியே தெரியும் வாய்ப்பு கூடுகிறது. அதே மாத்திரை பால் சுரப்பையும் குறைக்கக் கூடும் என்பதால் பிரசவமான தொடக்க மாதங்களில் பொதுவாகத் தரப்படுவதில்லை. யாராவது எடுத்துக்கொண்டிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

தூளிக்காரியின் கணவர்

என் மனைவியின் கணக்கிலிருந்து நான் எழுதுகிறேன். இந்தப் பதிவுகள் முழுவதையும் படித்தேன். பல் எடுக்கும் நாளையும் அடுத்த மூன்று நாள்களையும் விடுப்பாகக் கேட்டு வாங்கிவிட்டேன். தூளியிலிருந்து தூக்குவது, துணி மாற்றுவது, குளிக்க வைப்பது, இரவில் குழந்தையைத் தாயிடம் கொண்டுபோய் விடுவது ஆகியவை என் வேலை. செலவைப் பற்றி ஒரு கேள்வி: தனியார் நிலையத்தில் சொன்ன தொகை எங்களுக்கு அதிகம். வேறு வழி உண்டா?

காசிமேட்டு மகள்

தம்பி, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953-இல் தொடங்கியது அது. என் ஓரகத்தி அங்கேதான் ஞானப்பல் எடுத்தாள். முதல் நாள் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேவுக்கும் போய்விட்டு, பல் எடுப்பதற்கு வேறொரு நாள் கொடுத்தார்கள். வரிசை உண்டு, காலையிலேயே போய்விட வேண்டும். குழந்தையோடு உங்கள் அம்மாவையோ நாத்தனாரையோ அழைத்துச் செல்லுங்கள். பால் கொடுக்கும் தாய் என்று சீட்டுப் பதியும் இடத்திலேயே சொல்லி, அதைச் சீட்டின் மேல் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்தடுத்த மேசைகளில் அதை மறுபடியும் விளக்க வேண்டியிருக்காது.

தூளிக்காரி, தண்டையார்பேட்டை

பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன். பல் எடுத்தாகிவிட்டது.

முதலில் ஈறைக் கழுவி, ஐந்து நாள் அமாக்சிசிலின் கொடுத்தார்கள். மகளுக்கு மலம் சற்று இளகியது, மூன்றாம் நாளே சரியாகிவிட்டது. ஹீமோகுளோபின் 10.8 இருந்தது, இரும்புச்சத்து மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டு, பல் எடுக்கலாம் என்றார்கள். மருத்துவரிடம் நான் ஒரு தாளை நீட்டினேன். நான் பால் கொடுக்கிறேன், குழந்தைக்கு இத்தனை மாதம், எனக்குத் தரப்போகும் ஊசி, மாத்திரை ஒவ்வொன்றின் பெயரையும் எழுதித் தாருங்கள் என்று அதில் எழுதியிருந்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை, பொறுமையாக எழுதித் தந்தார். வலி மாத்திரையில் ட்ரமடால் இல்லை என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அன்று காலை ஏழே முக்காலுக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஊசி போட்டுப் பத்து நிமிடத்தில் உதடும் நாக்கின் பாதியும் மரத்துவிட்டன. பல்லை இரண்டு துண்டாக வெட்டி எடுத்தார்கள். வலி இல்லை, தாடையை அழுத்தும் உணர்வும் ராவும் சத்தமும்தான் இருந்தன. முக்கால் மணி நேரத்தில் மூன்று தையலோடு வெளியே வந்தேன். வெளியே மாமியாரின் மடியில் மகள் பாலாடையில் குடித்து முடித்து, வாயோரத்தில் பால் நுரையோடு விழித்துக்கொண்டிருந்தாள். பாலாடையை அவரே பெட்டியிலிருந்து எடுத்து, புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து, பத்தே முக்காலுக்கு, உதடு இன்னும் மரத்திருக்கும்போதே மார்பில் விட்டேன். வழக்கம்போலக் குடித்தாள், வழக்கம்போலத் தூங்கினாள்.

முதல் நாள் துப்பவோ கொப்பளிக்கவோ கூடாது, உறிஞ்சுகுழலில் எதையும் குடிக்கக் கூடாது என்றார்கள். உறிஞ்சினால் குழியில் உறைந்த இரத்தக்கட்டு பெயர்ந்துவிடுமாம். துணியில் சுற்றிய பனிக்கட்டியை இருபது நிமிடம் வைத்து இருபது நிமிடம் எடுத்தேன். இரண்டாம் நாள் மாலையும் மூன்றாம் நாள் காலையும் வீக்கம் உச்சத்தில் இருந்தது. அது எதிர்பார்த்ததுதான் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. பல் எடுத்த மறுநாள் முதல் உப்பிட்ட இளஞ்சூட்டு நீரைக் கொப்பளிக்காமல் வாயில் வைத்துச் சாய்த்துச் சாய்த்து விட்டேன்.

உண்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. பால் கொடுப்பவளுக்கு எடுக்கும் பசி பல்லுக்காகக் காத்திருப்பதில்லை. ஆறிய கேழ்வரகுக் கூழில் மோர் கரைத்து, வெங்காயம் போடாமல், ஒரு நாளைக்கு மூன்று செம்பு குடித்தேன். குழையக் கரைத்த பருப்புச் சோறும், பாலில் ஊறிய இட்லியும், முள் எடுத்து மசித்த மீனும் இரண்டாம் நாளிலிருந்து இறங்கின. பால் ஊறும் என்று மாமியார் பால்சுறா வாங்கி வரச் சொல்லிப் புட்டு செய்தார். உதிரி உதிரியாகக் குழிக்குள் போய்விடும் என்பதால் முதல் வாரம் அதைத் தொட முடியவில்லை. அவர் மனம் வருந்தக் கூடாதென்று, மீனை மட்டும் வேகவைத்து மசித்துத் தரச் சொன்னேன். தண்ணீர் குடிக்கத்தான் அடிக்கடி மறந்துபோனது. ஒவ்வொரு முறை மகளை மார்பில் விடும்போதும் கணவர் ஒரு தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு நின்றார்.

நான்காம் நாள் இரவு காதுவரை திடீரென்று வலி ஏறியது. குழி காய்ந்துவிட்டதோ என்று பயந்து மறுநாள் போனேன். இரத்தக்கட்டு பத்திரமாக இருக்கிறது, உணவுத் துணுக்கு ஒன்று சிக்கியிருக்கிறது என்று சொல்லிக் கழுவிவிட்டார்கள். எட்டாம் நாள் தையல் பிரித்தார்கள். கீழுதட்டின் வலது ஓரத்தில் மூன்று நாள் இலேசாக மதமதப்பு இருந்தது, பிறகு மாறிவிட்டது. பால் ஒரு வேளைகூடக் குறையவில்லை. நேற்று மகளை எடை பார்த்தோம், 300 கிராம் கூடியிருக்கிறாள்.

வியாசர்பாடி பாட்டி

நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி, கண்ணு. ஒரு மாதத்துக்குத் தலைக்குக் குளித்த ஈரத்தோடு நிற்காதே. உன் மாமியாரிடம் நான் கேட்டதாகச் சொல்: பாலாடை வெள்ளியா, வெண்கலமா?

மணலி வாசகி

உங்கள் பதிவைப் படித்துத்தான் எனக்குத் தெம்பு வந்தது. என் மகனுக்கு ஒன்பது மாதம். எனக்கு இடது பக்கம் ஞானப்பல் முழுதும் ஈறுக்குள் இருக்கிறது. வலியோ வீக்கமோ இதுவரை இல்லை. வேறொரு பல்லுக்காக எடுத்த எக்ஸ்ரேயில் தெரிந்ததால், இதையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். எடுத்துவிடட்டுமா?

தூளிக்காரி, தண்டையார்பேட்டை

பாட்டி, வெள்ளிதான், அவருடைய அம்மா சீதனமாகக் கொடுத்தது.

மணலி சகோதரி, எனக்கும் இடது பக்கம் அப்படியொரு பல் இருக்கிறது. தையல் பிரித்த அன்று இதே கேள்வியைக் கேட்டேன். தொல்லை தராத பல், பக்கத்துப் பல்லையும் அரிக்கவில்லை, சுற்றிலும் நீர்க்கட்டி இல்லை, ஆகவே இப்போது தொட வேண்டாம், ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்றார்கள். உங்கள் எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு போய், இந்த மூன்றில் எது உங்களுக்கு இருக்கிறது என்று கேளுங்கள். ஒன்றும் இல்லை என்றால் ஏன் எடுக்க வேண்டும் என்றும் கேளுங்கள். நான் எழுதிக்கொண்டுபோன தாளை நாளை இங்கேயே தட்டச்சு செய்து போடுகிறேன். உங்கள் மகனின் மாதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.